படுகளத்து உபயம்

பணம் வசூலிப்பதுதான் கஷ்டம், கொடுப்பதற்கு என்ன வந்தது என்று நினைத்துக்கொண்டுதான் பினாங்கிலிருந்து கப்பலேறினேன். காஞ்சிபுரத்தில் இறங்கிய இரண்டாம் நாளே அந்த நினைப்பு போய்விட்டது. அறுபதுகள் முடியப்போகிற சமயம் அது. இன்றைக்கும் யாராவது எங்களிடம் வந்து "நல்ல காரியத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்றால், முதலில் உட்காருங்கள், மோர் குடியுங்கள், பிறகு பேசலாம் என்கிறேன்.

விஷயம் இதுதான். காஞ்சிபுரத்து ஓரத்தில் இருக்கிற ஒரு ஊர்ப்பக்கத்திலிருந்து பினாங்குக்கு வந்து, துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களும் கடை வைத்தவர்களும் அவர்கள் பிள்ளைகுட்டிகளுமாகச் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தோம். தலைவர் என் கணவர். பொருளாளர் நான். இதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் எங்கள் மளிகைக் கடையிலும் அதே ஏற்பாடுதான். ஊரிலுள்ள திரௌபதியம்மன் கோயிலில் பாரதக் கூத்து தொடங்கி ஐம்பது வருஷம் ஆகிறது என்று சேதி வந்தது. ஐம்பதாவது வருஷத்தில் நம் பங்கும் இருக்க வேண்டும் என்று சங்கம் தீர்மானித்தது. வீடு வீடாகப் போய் நான்தான் வசூலித்தேன். வசூல் நோட்டைக் கண்டதும் கொல்லைப்புறமாக ஓடியவர்கள் எத்தனை பேர் என்பது எனக்குத்தான் தெரியும்.

என் கணவருக்குக் கப்பல் என்றாலே வயிற்றைப் புரட்டும். ஆகவே நான் போவதென்று ஆயிற்று. வழியனுப்பும்போது அவர் சொன்னது ஒன்றே ஒன்று. சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில், வருகிறவர் போகிறவர் கண்ணிலெல்லாம் படும்படி இருக்க வேண்டும். மற்றபடி உடம்பைப் பார்த்துக்கொள் என்றுகூடச் சொல்லவில்லை.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு குதிரை வண்டி பிடித்தேன். வண்டிக்காரர் ஒரு வயதான பாய், நல்ல மனிதர். குதிரைதான் அப்படியில்லை. புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடை வாசலில் போய் நின்றது. பாய் அதட்டினார், கெஞ்சினார், ஒன்றும் நடக்கவில்லை. கடைக்குள்ளிருந்து ஒருவர் கைகூப்பிக்கொண்டே வந்தார். எனக்குப் புடவை வேண்டாம் என்று குதிரைக்கும் அவருக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கிளம்பினால், அடுத்த கடை வாசலில் மறுபடியும் நின்றது.

"இன்னாமா பண்றது, வெளியூர்க்காரங்க வண்டியில ஏறுனா அதுக்குத் தெரிஞ்சிபூடுது," என்றார் பாய். கடைக்காரர் கொடுக்கிற கமிஷன் குதிரைக்கும் தெரியும் போலிருக்கிறது. மூன்றாவது கடையில் நான் இறங்கி ஒரு புடவை வாங்கினேன். அதன் பிறகு குதிரை ஒரே ஓட்டமாக ஓடிற்று. பினாங்கு ரிக்ஷாக்காரர்கள் எவ்வளவோ தேவலை, அவர்கள் வாயால் ஏமாற்றுவதோடு சரி.

நான் தங்கியது சபாபதி மாமா வீட்டில். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன். வீட்டிலேயே தறி போட்டு, வெளியிலும் ஆட்களை வைத்துப் பட்டு நெய்விக்கிறவர். கூத்துக் கமிட்டிக்குத் தலைவரும் அவர்தான். மெலிந்த உடம்பு, பெரிய குரல். அவர் மனைவி லோகாம்பாள் அக்கா அதற்கு நேர்மாறு. சமையலறையிலிருந்து அவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு மாமாவின் பத்து வாக்கியம் அடங்கிப் போகும்.

மறுநாள் காலை எனக்காகக் கோயில் இட்லி வாங்கி வந்திருந்தார்கள். மூங்கில் குடலையில் மந்தாரை இலை போட்டு வேகவைத்து, மிளகும் சுக்கும் சீரகமும் தாராளமாகப் போட்டது. நாங்கள் பினாங்கில் சாப்பிடுகிற இட்லி வாயில் வைத்ததும் காணாமல் போய்விடும். இது அப்படியில்லை. தொண்டையில் இறங்கும்போது, வந்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டே இறங்கியது. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு மதியச் சாப்பாடு வேண்டாம் என்றேன். அக்கா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் மாமா என்னைத் தெருவுக்கு அழைத்துப் போனார். எந்தச் செலவை எங்கள் சங்கம் ஏற்கலாம் என்று பார்ப்பதாக ஏற்பாடு. இந்த ஊரில் விழாச் செலவை மொத்தமாக வசூலித்துச் செய்வதில்லை. ஒவ்வொரு செலவும் ஒவ்வொரு வீட்டு உபயம். தகப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று தொடர்ந்து வரும். அன்றைய உபயக்காரரைக் கூப்பிட்டு, ஊர் பார்க்கப் பூசாரி அவர் தலையில் பட்டுப் பரிவட்டம் கட்டுவார். பணம் கொடுப்பதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான்.

சரி, பூ எங்கள் செலவு என்றேன். பூ ஒரு வீட்டு உபயம். எண்ணெய்? அது ஒரு வீடு. அம்மன் புடவை? கேட்கவே கூடாது, அதற்கு மூன்று வீடுகள் வருஷம் மாற்றி வருஷம் வரிசையில் நிற்கின்றன. கூத்தாடிகளின் முகத்துக்குப் பூசுகிற அரிதாரம்கூட ஒரு வீட்டுச் சொத்து. சண்டை போட்டுக் களைத்து வருகிற துரியோதனனுக்குச் சோடா உடைத்துக் கொடுப்பது ஒரு குடும்பத்தின் பரம்பரை உரிமை. அந்த வீட்டு மனிதர், நான் சோடாவைப் பிடுங்க வந்திருக்கிறேனோ என்று என்னைச் சந்தேகமாகவே பார்த்தார்.

பினாங்கில் சீனர்கள் செத்தவர்களுக்குப் படைக்கிற பேய்மாதத்தில் கூத்து மேடை போட்டால், யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று சிவப்புக் காகிதத்தில் எழுதிச் சுவர் முழுக்க ஒட்டிவிடுவார்கள். சுவர் நீளமாக இருந்தால் எத்தனை பேருக்கும் இடமுண்டு. இங்கேயோ சுவரே கிடையாது, எல்லாம் வாரிசு. பணத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு பிச்சைக்காரி மாதிரி வாசல் வாசலாக நின்றேன். எந்த வாசலிலும் என் பணத்துக்கு இடமில்லை.

மாமா போகிற வழியில் வாணவேடிக்கைக் கதையைச் சொன்னார். இரண்டு அண்ணன் தம்பிகள். வீட்டைப் பாகம் பிரித்தார்கள், தறியைப் பிரித்தார்கள், வாணவேடிக்கை உபயத்தை மட்டும் பிரிக்க முடியவில்லை. கோர்ட்டுக்குப் போனார்கள். ஒரு வருஷம் இரண்டு பேரும் அவரவர் வெடியைக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் கொளுத்தினார்கள். பந்தல் எரிந்து போயிற்று. அதற்கப்புறம் மாமாவின் யோசனைப்படி தெரு முழுக்க அம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ததாம். ஒரு வீட்டுக்கு ஒரு உபயம்தான், எந்த வீடும் இரண்டாவது கேட்கக்கூடாது. அன்று முதல் சண்டையே இல்லை என்று மாமா பெருமையோடு சொன்னார். நானும் மெச்சினேன்.

வீட்டுக்குத் திரும்பும்போது என் முகம் தொங்கிப் போயிருந்ததைப் பார்த்தாரோ என்னவோ, மாமா நின்று குரலைத் தணித்துக்கொண்டார். ஒன்றே ஒன்று மட்டும் காலியாக இருக்கிறதாம். அதுவும் சாதாரணமானதில்லை, படுகளம். கூத்தின் கடைசி நாள் காலையில் ஆறாள் ஏழாள் நீளத்துக்குத் துரியோதனனை மண்ணால் செய்து தரையில் படுக்க வைத்து, அவன் தொடையைப் பீமன் பிளப்பான். விழாவிலேயே பெரிய நாள் அது. அந்த உபயம் வைத்திருந்த குடும்பம் பம்பாய்க்கே போய்விட்டது. இரண்டு வருஷமாகக் கோயில் உண்டியலிலிருந்து ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"பினாங்குக்குன்னு அம்மனே எடுத்து வெச்சிருக்கா, ராஜம்," என்றார் மாமா. ஐம்பதாவது வருஷத்து நோட்டீஸில் யார் பெயர் அச்சாகிறதோ அவர்களுக்கே அது நிரந்தரம் என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. இன்னும் இரண்டு நாளில் அச்சாபீசுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் கணவர் துறைமுகத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடப்பது இங்கிருந்தே தெரிந்தது.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு சில்லறை வேலை இருந்தது. எங்கள் சங்கத்தில் முனுசாமி என்று ஒரு துறைமுகத் தொழிலாளி. வசூலுக்குப் போனபோது ஓடாதவர், சொன்னதற்கு மேலே கொடுத்தவர். தன் அக்காள் மகன் பொன்னுரங்கத்துக்குக் கொடுக்கச் சொல்லி, உடுத்திக்கொள்ள ஒரு சாரமும் ஒரு டின் பிஸ்கோத்தும் கொடுத்தனுப்பியிருந்தார். பொன்னுரங்கம் கரண்ட் கம்பத்து லைன்மேன், வேகவதி ஆற்றுக்கு அந்தப் பக்கம் காலனியில் வீடு.

காலனி என்றதும் லோகாம்பாள் அக்கா கரண்டியைக் கீழே வைத்தார். ஆளை அனுப்பினால் அவனே வந்து வாங்கிக்கொண்டு போவான் என்றார். வீட்டுக்குள் வருவானா என்று கேட்டேன். வாசலில் நிற்பான் என்றார். அப்படியானால் நானே போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். துணிச்சல் ஒன்றுமில்லை, ஊர் பார்க்கிற ஆசைதான்.

வேகவதி என்று பெயர்தானே தவிர, நான் போனபோது ஆற்றில் வேகமும் இல்லை, தண்ணீரும் இல்லை. மணல் மட்டும் கொதித்தது. நடு ஆற்றில் என் செருப்பு வார் அறுந்தது. ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றபோது, தோளில் ஏணியும் கையில் சைக்கிளுமாக ஒருவர் வந்தார். அவரே பொன்னுரங்கம். முப்பது வயதிருக்கும், அடர்த்தியான மீசை. முனுசாமி பெயரைச் சொன்னதும் சிரித்துவிட்டார். கரையேறியதும், சைக்கிளில் பின்னால் உட்காருகிறேன் என்றேன். அவர் தயங்கினார்.

"தெருவுல யாருனா பார்த்தா உங்களுக்குத்தான்மா பேச்சு."

பார்த்தால் பார்க்கட்டும், என் கால் வெந்துவிட்டது என்று ஏறி உட்கார்ந்துகொண்டேன். அன்று சாயங்காலத்துக்குள் அந்தச் செய்தி தெரு முழுக்கப் பரவியிருந்தது. ஏணியோடு ஏறினேன் என்றும், ஏணி மேலேயே ஏறினேன் என்றும் இரண்டு விதமாகச் சொன்னார்களாம்.

பொன்னுரங்கம் வீட்டில் மாதா படமும் திரௌபதியம்மன் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் மாட்டியிருந்தன. அவர் மனைவி மேரி வேதக்காரி. இரண்டு அம்மாக்களும் சண்டை போட்டுக்கொள்வதில்லை என்றாள். கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொடுத்தாள். கப்பலிலிருந்து இறங்கியது முதல் மீன் வாசனையே இல்லாமல் நாக்குச் செத்துப் போயிருந்தேன். கருவாட்டைக் கடித்ததும் பினாங்கே திரும்பி வந்த மாதிரி இருந்தது. வெட்கமில்லாமல் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிட்ட சந்தோஷத்தில் பெருமையடிக்கத் தொடங்கினேன். படுகளத்து உபயம் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது, அது எப்படிக் காலியாகவே கிடந்தது பாருங்கள் என்றேன். மேரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். பொன்னுரங்கம் கையிலிருந்த பிஸ்கோத்து டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார். படுகளத்துத் துரியோதனனுக்கு ஏரியில் மண் வெட்டிச் சுமந்து வருவது காலனி. அன்றைக்குப் பறையடிப்பது காலனி. ஐம்பது வருஷமாக அப்படித்தான். பம்பாய்க்காரர்கள் விட்டுவிட்டுப் போனதும், அந்த ஒரு நாள் உபயத்தை எங்களுக்குக் கொடுங்கள் என்று காலனியே திரண்டு போய்க் கேட்டது. பணமும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். காலியாக இல்லை என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். போன வருஷமும் கேட்டார்கள், போன வருஷமும் அதே பதில்தான். நோட்டீஸில் வேறு பெயர் ஏறிவிட்டால் இனி கேட்கவே வழியில்லை.

"பினாங்குல உங்களுக்குத் துட்டு குடுத்தது யாரும்மா? எங்க மாமன், எங்க சித்தப்பன், எங்க தெருக்காரங்கதான் பாதி. எங்க துட்டு கப்பல் ஏறி வந்தா ஆவுது, ஆத்தத் தாண்டி நடந்து வந்தா ஆவல."

அவர் சொன்னது சத்தியம். சங்கத்தில் யார் ஆற்றுக்கு இந்தப் பக்கம், யார் அந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை. அதில் எங்களுக்குப் பெருமைகூட உண்டு. ஆனால் எந்தப் பக்கம் என்று கேட்காதவர்களிடம் வாங்கிய பணத்தைக் கொண்டுவந்து, அதைக் கேட்கிறவர்களிடம் கொடுத்து, அவர்கள் பிள்ளைகளின் இடத்தையே நான் பிடுங்கப் போகிறேன். எனக்குக் கோபம் வந்தது, வெட்கமாகவும் இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? உடனே ஒரு யோசனை சொன்னேன். உபயம் பினாங்குச் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், வருஷா வருஷம் சங்கத்தின் சார்பாகப் பொன்னுரங்கமே நின்று பரிவட்டம் வாங்கிக்கொள்ளட்டும். பிரமாதமான யோசனை என்றுதான் நினைத்தேன். பொன்னுரங்கம் மரியாதையாகத்தான் சிரித்தார்.

"இன்னொருத்தர் பேர்ல நிக்கறதுக்கா இம்மாம் நாளா கேட்டுக்கினு இருக்கிறோம்? எங்க துட்டு, எங்க பேரு. அதான்மா வேணும்."

என் மூக்கு உடைந்தது. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, மேரியின் செருப்பைப் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடந்து வந்தேன்.

மறுநாள் காலை கமிட்டிக்காரர்கள் நோட்டீஸ் எழுத மாமா வீட்டுக் கூடத்தில் கூடியிருந்தார்கள். எங்கள் சங்கத்துக்குப் படுகளம் வேண்டாம் என்றேன். யாருக்கும் புரியவில்லை. பெயரை இன்னும் பெரிதாகப் போடச் சொல்கிறேன் என்று மாமா எடுத்துக்கொண்டு, அம்மன் பெயருக்குச் சமமாகப் போடலாம் என்றார். அம்மனைவிடப் பெரிதாகப் போட்டாலும் வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். ஏற்கெனவே கேட்டவர்கள் இருக்கிறார்கள், கேட்டவர்களுக்குக் கொடுங்கள் என்றேன்.

சைக்கிளில் ஏறியபோதே நினைத்தோம் என்று ஒருவர் முணுமுணுத்தார். மாமா என்னை முறைத்தார். வெளியூர்க்காரி ஊர் வழக்கத்தில் தலையிடக்கூடாது, எங்களில் ஒரு வீடு படுகளத்தை ஏற்றுக்கொள்ளும் என்றார். எந்த வீடு என்று கேட்டேன். சோடாக்காரர் எழுந்தார். அவருக்குச் சோடா இருக்கிறது. எண்ணெய்க்காரர் கையைத் தூக்கினார், அவருக்கு எண்ணெய் இருக்கிறது. தெருவில் உபயமில்லாத வீடே இல்லை, என்னை அழைத்துக்கொண்டு போய் வீடு வீடாகக் காட்டியவரே மாமாதானே. இரண்டாவது உபயம் கிடையாது என்று சத்தியம் செய்து வைத்திருக்கிறார்கள். ஐம்பதாவது வருஷத்து நோட்டீஸில் பெரிய நாளுக்கு நேராகக் காலியிடம் விட்டு அச்சடித்தால் பக்கத்து ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். ஐயம்பேட்டையில் ஏற்கெனவே இவர்கள் கூத்தைப் பற்றிப் பேச்சு வேறு.

மாமா சத்தியத்தைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று இழுத்தார். சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"சூடம் அணைக்கச் சொன்னது நீங்கதானே. கை சுட்டவங்க இன்னும் இருக்கிறாங்க."

நான் காபியைக் குடித்தேன். கடைசியில் மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, காலனி மக்கள், பொன்னுரங்கம் என்று பெயரைப் போடுவதாகச் சொன்னார். ஆனால் ஒன்று. பரிவட்டத்தைத் தலையில் கட்டுவதில்லை, கையில் கொடுத்துவிடுவோம். இதற்கு மேல் என்னால் முடியாது என்றார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள்.

இதைப் பொன்னுரங்கத்திடம் நானே போய்ச் சொன்னேன், சங்கடமாகத்தான் இருந்தது. உபயமே பரிவட்டத்துக்காகத்தான், அதைத் தலையில் கட்டாமல் கையில் கொடுத்தால் கடையில் துணி வாங்குவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அவர் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். மேரிக்குக் கண் கலங்கிவிட்டது. பெயர் முதலில் ஏறட்டும் என்று மட்டும் சொன்னார் அவர். மண் வெட்டுவதற்கு அன்றைக்கே ஆட்களை ஏரிக்கு அனுப்பினார்.

எங்கள் பணம் இன்னும் கைப்பையிலேயே இருந்தது. விழா தொடங்கிய பிறகுதான் அதற்கு வழி பிறந்தது. கூத்துப் பார்க்க மாகறலிலிருந்தும் கூரத்திலிருந்தும்கூடப் பெண்கள் சாரிசாரியாக வந்து குவிந்தார்கள். விடியும்வரை உட்கார்ந்திருக்கிற இத்தனை பெண்களும் ஒதுங்குவதற்கு எங்கே போவார்கள் என்று அக்காவைக் கேட்டேன். எங்கே போவது, அடக்கிக்கொண்டு இருக்க வேண்டியதுதான் என்றார். ஐம்பது வருஷத்தில் துரியோதனனின் சோடாவுக்குக்கூட உபயக்காரர் இருந்தார், இதற்கு ஒருவரும் இல்லை. நான் விடவில்லை. மறுநாளே ஓலைத் தட்டி கட்டி, குழி வெட்டி, தண்ணீர் பீப்பாய் வைத்து, பெண்களுக்கென்று வரிசையாகத் தடுப்பு எழுப்பியாயிற்று.

பெயர்ப் பலகை எழுதுகிறவர் உபயம் யார் என்று கேட்டார். வருகிறவர் போகிறவர் கண்ணிலெல்லாம் பட வேண்டும் என்பது தலைவர் உத்தரவல்லவா? ஆளுயர எழுத்தில் எழுதச் சொன்னேன். சங்கத்தின் பெயரும் அதன் கீழே தலைவரான என் கணவரின் பெயரும் கழிப்பிடத் தட்டியில் ஜொலித்தன. இருட்டில் தெரிய ஒரு குழல் விளக்கும் போடப்பட்டது. அத்தனை கிராமத்துப் பெண்களும் என் கணவரின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். வேறு எந்த உபயக்காரருக்கும் அப்படி வாழ்த்து கிடைக்கவில்லை.

கூத்து நடந்த இரவுகளைப் பற்றி எழுத எனக்குத் தகுதியில்லை. பாஞ்சாலி சபதம் செய்வதற்குள் தினமும் தூங்கிப் போனேன்.

படுகளத்தன்று காலையில் மட்டும் கண் கொட்டாமல் நின்றேன். கோயிலுக்கு எதிர்த் திடலில் மண் துரியோதனன் மல்லாந்து கிடந்தான். செம்மண்ணும் களிமண்ணும் குழைத்து, மஞ்சள் நீலம் சிவப்பு என்று வர்ணமடித்து, பெரிய மீசை வைத்து, தொடைக்குள் சிவப்புத் தண்ணீர்ப் பானை புதைத்திருந்தார்கள். அவன் காலடியில், புளிய மரத்தடியில், காலனிக்காரர்கள் வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றார்கள். பொன்னுரங்கம் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக இருந்தார். வேலை நாளாதலால் சைக்கிளில் கம்பம் ஏறுகிற பெல்ட்டும் தயாராகத் தொங்கியது. மேரி அவர் பக்கத்தில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

மாமா மைக்கைப் பிடித்தார். அவர் திட்டம் எனக்குத் தெரியும். பெயரை விறுவிறுவென்று முனகிவிட்டு, பரிவட்டத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பீமனைக் கூப்பிட்டுவிட வேண்டும். பாதி ஊருக்குக் காதில் விழாமலேயே முடிந்துவிடும். "ஐம்பதாவது ஆண்டுப் படுகளத்து உபயம்" என்று தொடங்கினார். மைக் ஊமையாகிவிட்டது. கரண்ட் போய்விட்டது. மைக் செட்காரர் திடலோரத்துக் கம்பத்தைக் கைகாட்டினார்.

எல்லாரும் லைன்மேன், லைன்மேன் என்று கத்தினார்கள். பொன்னுரங்கம் ஒரு கணம் மேரியைப் பார்த்தார். பிறகு பெல்ட்டை எடுத்து இடுப்பில் கட்டி, வேட்டியை மடித்துக்கொண்டு, விறுவிறுவென்று கம்பத்தில் ஏறிவிட்டார்.

பூசாரி தட்டும் பரிவட்டமுமாக வந்து நின்றார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. துரியோதன வேஷக்காரர் சோடா கேட்டார். மாமா வெறும் குரலில் உபயக்காரர் பெயரைச் சொன்னார். பின்னால் இருந்தவர்கள், கேட்கவில்லை, யார் உபயம் என்றார்கள். இன்னும் உரக்கச் சொன்னார். யாரும் வரவில்லை, ஆள்தான் கம்பத்து மேல் இருக்கிறாரே. மாமா வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு, அண்ணாந்து, அந்தப் பெரிய குரல் முழுவதையும் போட்டுக் கூவினார்.

"படுகளத்து உபயம், காலனி மக்கள், பொன்னுரங்கம்!"

திடல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பொன்னுரங்கம் கம்பத்திலிருந்து இறங்கி, துரியோதனனைச் சுற்றிக்கொண்டு நேராகப் பூசாரி முன் வந்து நின்றார். வேட்டி வெள்ளையாகத்தான் இருந்தது. கைகள் இரண்டும் முழங்கை வரை கரியும் கிரீசுமாக இருந்தன. ஒப்புக்கொண்டபடியே அந்தக் கைகளை நீட்டினார்.

பூசாரி பரிவட்டத்தை எடுத்தார். வெங்காய நிறத்தில் அரக்குக் கரை போட்டது, மாமாவின் தறியில் நெய்தது. பட்டு நெய்கிறவர் வீட்டில் எண்ணெய்க் கையோடு நூல் பக்கம் போனால் பிள்ளையானாலும் அடி விழும். பட்டு அந்தக் கைகளை நெருங்கியதும் மாமா பதறிப்போனார்.

"யோவ், கையில குடுக்காதய்யா, பட்டு கெட்டுப்பூடும்! தலையில கட்டு!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்தது. அதற்குள் பூசாரி பரிவட்டத்தைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டார். புளிய மரத்தடியில் பறை முழங்கியது. மேரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம். மாமா வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு, தன் தறியில் நெய்த பட்டு நன்றாகத்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தாரோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு பீமனைக் கூப்பிட்டார்.

பொன்னுரங்கம் என்னைக் கடந்து போகும்போது கரிக் கையைக் கூப்பிக் கும்பிட்டார். அவருடைய பெல்ட்டில், கை துடைக்கிற துணி ஒன்று மடித்தது மடித்தபடி சுத்தமாகச் செருகியிருந்தது.